வெட்டிய முகம்: சர்வாதிகாரப் பிரசாரம், கலை, வீட்டு நினைவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை இருபது முப்பது பேர் கூடுகிறோம். வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவர வேண்டும். புகைப்படம், கடிதம், துண்டு நோட்டீஸ், ரேஷன் கார்டு, எதுவானாலும் சரி. அதை நடுவில் வைத்துக்கொண்டு, சர்வாதிகார ஆட்சிகள் கலையையும் மனிதர்களின் சொந்த நினைவையும் என்ன செய்தன என்று பேசுகிறோம். நான் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹிட்லரும் ஸ்டாலினும் எங்கோ ஆண்டவர்கள். வேலூரில் உட்கார்ந்து அவர்களைப் பற்றிப் பேச என்ன தேவை?

எனக்கு இருக்கும் தேவையைச் சொல்கிறேன். எங்கள் அத்தையின் திருமணப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. 1973-ல் ஸ்டுடியோக்காரர் கெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தது. அதில் பதினைந்து பேர் நிற்கிறார்கள், பதினான்கு முகங்கள் இருக்கின்றன. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவருக்குக் கழுத்துக்கு மேலே சதுரமாக ஓர் ஓட்டை. அவர் என் சித்தப்பா, அன்றைய ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டு, விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் கைதுகள் தொடங்கியதும், சித்தப்பா இரவோடு இரவாகப் பெங்களூருக்குப் போய்விட்டார். மறுநாளோ அதற்கு மறுநாளோ, அம்மா அடுப்படியில் மனையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் படத்தை வைத்து, அப்பாவின் சவர பிளேடால் அந்த முகத்தை வெட்டி எடுத்தார். எனக்கு எட்டு வயது. கதவோரம் நின்று பார்த்தேன். வெட்டிய துண்டு அடுப்பில் போயிற்று.

அம்மாவிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரவே இல்லை. 

ஓவியப் பயிற்சிக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அலெக்சாண்டர் ரோட்சென்கோவைப் பற்றி அறிந்தேன். சோவியத் நாட்டின் மிகப் பெரிய வடிவமைப்பாளர்களில் ஒருவர். உஸ்பெகிஸ்தான் குடியரசின் பத்தாண்டு நிறைவுக்காக அரசு வெளியிட்ட ஆடம்பரமான ஆல்பத்தை 1934-ல் அவரும் அவர் மனைவி ஸ்தெபானோவாவும் வடிவமைத்தார்கள். 1937-ல் அதே உஸ்பெக் தலைவர்களை ஸ்டாலின் ஒழித்துக்கட்டியபோது, அவர்கள் படத்தை வைத்திருப்பதே ஆபத்தாகிவிட்டது. ரோட்சென்கோ தம் வீட்டிலிருந்த பிரதியை எடுத்து, தாம் அழகுபார்த்து அடுக்கிய முகங்களின் மீது தம் கையாலேயே கறுப்பு மையைத் தடவினார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பிரதி கிடைத்து அச்சில் வெளிவந்தது. அந்தப் பக்கங்களைப் பார்த்த அன்று எனக்கு எங்கள் அடுப்படி நினைவுக்கு வந்தது. அன்று முதல் இது எனக்கு அயல்நாட்டு விஷயமாகத் தோன்றவில்லை.

பிரசாரம் என்றால் அரசு பொய் சொல்வது. அவ்வளவுதானே?

பொய் அதில் ஒரு பங்குதான். மக்கள் பொய்யைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிரசாரம் செய்யும் பெரிய வேலை வேறு: உங்கள் சொந்த வாழ்க்கையைச் சொல்வதற்கான வார்த்தைகளை அதுவே தயாராக எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த இரண்டே மாதங்களில், 1933 மார்ச்சில், கோயபல்ஸின் தலைமையில் பிரசாரத்துக்கென்று தனி அமைச்சகம் அமைத்தார்கள். அதே ஆண்டு ‘மக்கள் வானொலி’ என்ற பெயரில் மலிவான வானொலிப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் மாதிரி எண் 301. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறிப்பது அது. ஆனால் அந்தப் பெட்டியில் இருபத்துநான்கு மணிநேரமும் ஹிட்லர் பேசிக்கொண்டிருக்கவில்லை. பாட்டும் நாடகமும் நகைச்சுவையும்தான் நிறைய. அந்தக் காலத்து ஜெர்மானியத் திரைப்படங்களிலும் பெரும்பாலானவை காதலும் கேளிக்கையுமாகத்தான் இருந்தன. சலிப்பூட்டினால் மக்கள் பெட்டியை அணைத்துவிடுவார்கள் என்பது கோயபல்ஸுக்குத் தெரியும்.

இப்படித் தினமும் இனிப்போடு சேர்ந்து வருவது நினைவில் எப்படித் தங்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன் ஓடிய அரசின் செய்திச் சுருளை ஆசையோடு நினைவுகூர்வார்கள். அணைக்கட்டு திறப்பு, வயலில் டிராக்டர், மாலை வாங்கும் தலைவர். அதில் சொன்ன சேதி ஒருவருக்கும் நினைவில்லை. முறுக்கும் சோடாவும் அந்தக் குரலும் மட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

கலைஞர்களை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள்?

சிறைக்கு அனுப்பித்தான் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே வீடு, காகிதம், சம்பளம், அரங்கு எல்லாம் அரசின் கைக்குப் போய்விடுகின்றன. சோவியத் ஒன்றியத்தில் 1932-ல் ஓர் ஆணையால் எல்லாக் கலை, இலக்கியக் குழுக்களும் கலைக்கப்பட்டு, துறைக்கு ஒரே சங்கம் என்றாயிற்று. சங்கத்தில் இல்லாதவர் எழுத்தாளரே இல்லை. 1934-ல் நடந்த முதல் எழுத்தாளர் மாநாட்டில் சோஷலிச யதார்த்தவாதம் ஒரே பாதையாக அறிவிக்கப்பட்டது. உழைப்பாளி எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், வயல் எப்போதும் விளைந்திருக்க வேண்டும். உக்ரைனில் பல லட்சம் பேர் பட்டினியால் செத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் கதையை எங்கள் கூட்டத்தில் அடிக்கடி சொல்வேன். அவருடைய இசை நாடகம் ஒன்று இரண்டு ஆண்டுகளாக நல்ல வரவேற்போடு நடந்துகொண்டிருந்தது. 1936 ஜனவரி 26 அன்று ஸ்டாலின் வந்து பார்த்தார், முடிவதற்குள் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துப் பிராவ்தா நாளிதழில் அதைக் கிழித்துப்போடும் தலையங்கம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. பெயர் இல்லாததே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. முந்தைய வாரம் வரை பாராட்டிய விமர்சகர்கள் தங்கள் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒத்திகையில் இருந்த நான்காவது சிம்பொனியை அந்த ஆண்டு முடிவதற்குள் ஷோஸ்டகோவிச்சே விலக்கிக்கொண்டார். அது மேடையில் ஒலித்தது 1961-ல்தான். இருபத்தைந்து ஆண்டுகள் ஓர் இசை பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

நாஜிகள் செய்தது வேறு மாதிரி. 1937 ஜூலையில் மியூனிக்கில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கண்காட்சிகளைத் திறந்தார்கள். ஒன்று, ஹிட்லருக்குப் பிடித்த ‘மகத்தான ஜெர்மானியக் கலை’. மற்றொன்று, நவீன ஓவியங்களை நெருக்கியடித்துத் தொங்கவிட்டு, சுவரில் ஏளன வாசகங்கள் எழுதி, ‘சீரழிந்த கலை’ என்று பெயரிட்டது. நான்கு மாதங்களில் இருபது லட்சம் பேர் இரண்டாவதைப் பார்த்தார்கள், முதலாவதைப் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு. ஏளனம் செய்யத்தான் எல்லோரும் போனார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்.

கட்டாயத்தால் வரைந்த கலைஞரைக் குற்றம் சொல்லலாமா?

இந்தக் கேள்வியில் நான் நடுநிலையானவள் இல்லை. என் அப்பா சுவர் எழுதுபவர். லாங்கு பஜார் கடைப் பலகைகளும், காட்பாடி சாலையின் மதில்களும் அவர் கையெழுத்தால் நிறைந்திருந்த காலம் உண்டு. துடைப்பத்தால் சுவரைத் தட்டி, சுண்ணாம்பில் துளி நீலமும் வஜ்ஜிரமும் கலந்து இரண்டு கை அடிப்பார். நூலைக் கரித்தூளில் தோய்த்து ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்து நடுவில் சுண்டுவார். சுவரில் நேர்க்கோடு விழும். 1976-ல் அந்தக் கோடுகளுக்கு நடுவே அவர் எழுதியது ‘நாம் இருவர் நமக்கு இருவர்’. பக்கத்தில் சிவப்பு முக்கோணம். பிறகு இருபது அம்சத் திட்டத்தின் வாசகங்கள். அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த வேலை அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. சொந்தத் தம்பி ஒளிந்து திரிந்த மாதங்களில், தம்பியைத் துரத்திய அரசுக்காக அப்பா ஊர் முழுக்க எழுதினார். எங்கள் பள்ளிக்கூடச் சம்பளம் அந்தச் சுவர்களிலிருந்து வந்தது.

கம்போடியாவின் வான் நாத்தும் எங்கள் அப்பாவைப் போலத்தான், பட்டம்பாங் நகரில் விளம்பரப் பலகைகளும் சினிமாத் தட்டிகளும் வரைந்து பிழைத்தவர். 1978 ஜனவரியில் கெமர் ரூஜ் ஆட்சியினர் அவரை எஸ்-21 சிறைக்குக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் போய்த் திரும்பாத இடம். வரையத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அவரை உயிரோடு வைத்து, புகைப்படத்தைப் பார்த்து, ஆட்சித் தலைவர் போல் பாட்டின் உருவத்தை வரையச் சொன்னார்கள். கன்னத்தின் நிறம் சற்றுப் பிசகினால் தன் கதை முடிந்தது என்று தெரிந்தே வரைந்தார். 1979-ல் ஆட்சி வீழ்ந்தபோது தப்பிய விரல்விட்டு எண்ணத்தக்க சிலரில் அவரும் ஒருவர். அதன்பிறகு அதே கையால் அந்தச் சிறையில் கண்டதையெல்லாம் வரைந்தார். சங்கிலியில் வரிசையாகப் படுத்திருந்த கைதிகள், தண்ணீர்த் தொட்டி, தாயிடமிருந்து பிடுங்கப்பட்ட குழந்தை. 2009-ல் அந்தச் சிறையின் தலைவர் மீது நடந்த விசாரணையில் சாட்சி சொன்னார். 2011-ல் காலமானார். போல் பாட்டின் முகத்தை வரைந்ததற்காக அவரைக் குற்றம் சொல்லும் நா எனக்கு இல்லை.

ஜெர்மானியத் திரைப்பட இயக்குநர் லெனி ரீஃபென்ஸ்டாலின் கதை அப்படிப்பட்டதல்ல. 1934-ல் நியூரம்பர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டைப் படமெடுக்க அவருக்கு வேண்டிய பணம், ஆட்கள், காமிராக்கள் எல்லாம் தரப்பட்டன. வயிற்றுக்கோ உயிருக்கோ பயந்து எடுத்தவர் அல்லர். போருக்குப் பின் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, தாம் கலையை மட்டுமே கவனித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

நெருக்கடி நிலையை ஹிட்லர், ஸ்டாலின் ஆட்சிகளோடு ஒப்பிடுவது மிகையில்லையா?

அளவில் மிகைதான். 1975 ஜூன் 25 நள்ளிரவு தொடங்கி 1977 மார்ச் 21-ல் முடிந்தது, இருபத்தொரு மாதம். தேர்தல் நடந்தது, ஆண்டவர்கள் தோற்றார்கள், இறங்கினார்கள். லட்சக்கணக்கில் கொன்ற ஆட்சிகளோடு அதைச் சமமாக வைப்பது அந்த இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் கருவிகள் அதே கருவிகள். செய்தித்தாள்கள் தணிக்கைக்குப் போயின. முதல் இரவே டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் நின்றது. நான்கு செய்தி நிறுவனங்களை ஒன்றாக்கி ‘சமாச்சார்’ என்று ஒரே வாயாக மாற்றினார்கள். அரசு நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்காததால் இந்திப் பாடகர் கிஷோர் குமாரின் பாடல்களை 1976 மே மாதம் முதல் ஆகாசவாணி ஒலிபரப்பவில்லை. ஆட்சியைப் பகடி செய்த ஒரு திரைப்படத்தின் சுருள்களே எரிக்கப்பட்டன.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 1976 ஜனவரி இறுதி வரை இங்கே ஆண்ட அரசு நெருக்கடி நிலையை எதிர்த்ததால் முதல் ஏழு மாதங்கள் கடுமை குறைவு. பிறகு எல்லாம் ஒரே வாரத்தில் வந்தது. கைதானவர்களின் பெயர்களை வெளியிடத் தணிக்கை இடம் தராதபோது, பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று முரசொலி ஒரு பட்டியலை வெளியிட்டது: அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்களின் பெயர்கள். படித்தவர்களுக்கு விளங்கியது. தடைக்கு நடுவே தமிழில் இவ்வளவு மென்மையாக ஒரு செய்தி சொல்லப்பட்டதாக நான் வேறு எங்கும் கண்டதில்லை.

“அந்தக் காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்தது” என்கிறார் என் தாத்தா. அவர் பொய் சொல்கிறாரா?

இல்லை. அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரயில் சில வழிகளில் நேரத்துக்கு வந்தும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது, முசோலினியின் இத்தாலியைப் பற்றியும் ஜனங்கள் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள் என்பதுதான். இரண்டு நாடு, ஐம்பது ஆண்டு இடைவெளி, ஒரே வாக்கியம். அப்படியானால் அது அந்த மனிதரின் கண் பார்த்ததாக மட்டும் இருக்க முடியாது. காதில் விழுந்து நாக்கில் தங்கிவிட்டதும் அதில் இருக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற அரசு எழுத்தர். வந்து உட்கார்ந்ததும் அதையே சொன்னார். மறுக்காமல், “எந்த ரயில் ஐயா?” என்று கேட்டேன். காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டை போனதாகச் சொன்னார். “எதற்காகப் போனீர்கள்?” மேலதிகாரியைப் பார்க்க. “கையில் என்ன இருந்தது?” சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், ஒரு பை நிறைய. அதிகாரி வீட்டுக்கு. எதற்குக் கத்தரிக்காய் என்றால், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. சம்பளம் நின்றுவிடும் என்று பயம். கணக்கைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சப் போனார். குறைக்கவில்லை. திரும்பி வந்து, தன் நிலத்தில் கூலி வேலை செய்த, கல்யாணமாகிக் குழந்தை இல்லாத ஓர் இளைஞரை அழைத்துப் போனார்.

நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்த நாளை அவர் ‘ரயில் நேரத்துக்கு வந்த நாள்’ என்று வைத்திருந்திருக்கிறார். அந்த வாக்கியம் அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதை அன்று எடுத்தது சரிதானா என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அடுத்த மாதம் அவரே வந்தார், அந்த இளைஞரின் பெயரை எழுதி வைக்கச் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதவே முடியாத காலத்தில் நினைவு எப்படித் தப்பியது?

மனப்பாடத்தால். ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகன் சிறையில் இருந்தார். பதினேழு மாதங்கள் லெனின்கிராடு சிறை வாசலில் மற்றத் தாய்மார்களோடு வரிசையில் நின்றார் அவர். அந்த வரிசையைப் பற்றிய கவிதையைத் தாளில் வைத்திருக்க முடியாது. நெருங்கிய தோழி வரும்போது, அறையில் ஒட்டுக்கேட்பு இருக்கலாம் என்பதால் வாயால் தேநீரைப் பற்றியோ வானிலையைப் பற்றியோ ஏதாவது பேசிக்கொண்டே, துண்டுத்தாளில் வரிகளை எழுதி நீட்டுவார். தோழி படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டதும் தாளைத் தீக்குச்சியால் கொளுத்திச் சாம்பல் தட்டில் போடுவார். அப்படிப் பல பேர் தலைக்குள் துண்டு துண்டாகக் கவிதை இருந்தது. வெளிநாட்டில் அச்சானது 1963-ல், சொந்த நாட்டில் 1987-ல். ஓசிப் மண்டெல்ஷ்டாம் 1938-ல் முகாமில் இறந்தபின் அவருடைய கவிதைகளை மனைவி நதேழ்தாவும் இப்படித்தான் சுமந்தார்.

இதைச் சொன்னபோது கூட்டத்திலிருந்த ஒரு பாட்டி, “ஏன் ஆச்சரியப்படுகிறீர்கள்? எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒப்பாரியில் நாலு தலைமுறைப் பெயர் இருக்கிறது” என்றார். உண்மைதான்.

சிலி நாட்டுப் பெண்கள் துணியில் தைத்தார்கள். 1973 செப்டம்பர் 11-ல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்தபின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் சாக்குத்துணி மேல் ஒட்டுத்துணி வைத்து, பூட்டிய தொழிற்சாலையையும் பொதுச் சோற்றுப் பானையையும், ‘அவர்கள் எங்கே’ என்ற கேள்வியையும் தைத்தார்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தார்கள். பெண்பிள்ளைகளின் கைவேலை என்று முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. தேவாலய அமைப்பின் உதவியோடு அவை வெளிநாடு போய்ச் சேர்ந்தன.

வட ஆற்காட்டின் தெருக்கூத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே துரியோதனனைக் கேலி செய்கிறான். ஊரில் அந்த வாரம் நடந்த அநியாயத்தையும் இடையில் இழுத்துவிடுகிறான். அவன் பேசுவது எந்த ஏட்டிலும் இல்லை. அதனால் முன்கூட்டியே வாங்கிப் படித்துத் தணிக்கை செய்யவும் முடியாது. வெள்ளையர் அரசு 1876-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1954-ல் சென்னை மாநிலமும் அப்படி ஒன்றை இயற்றியது. எழுதிய பிரதியை நம்பியிருக்கும் மேடை இதில் எளிதாக மாட்டிக்கொள்ளும். விடிய விடிய ஆடும் கூத்து நழுவிவிடும்.

பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் புரிசையின் கூத்தர்கள் ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் நாடகத்தைக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே, 1933 பிப்ரவரி 28-ல், ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் பிரெக்ட். அவருடைய புத்தகங்கள் அந்த மே மாதம் பெர்லினில் எரிக்கப்பட்டன.

சிறுவயதில் சோவியத் புத்தகங்களை நேசித்தேன். அதெல்லாம் பிரசாரம் என்று தெரிந்தபின் அந்த நினைவை என்ன செய்வது?

வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருக்கிறேன். ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளில்தான் எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டோம். என் கணக்கு நோட்டின் மேல் ஒரு கோதுமை வயலும், தலைக்குட்டை கட்டிய பெண்ணும் இருந்தார்கள். வேலூர் வெயிலில் உட்கார்ந்து பனியை முதலில் பார்த்தது அந்தத் தாளில்தான். நான் ஓவியம் படிக்கப் போனதற்கு அந்தப் பெண்ணின் சிவப்புக் குட்டையும் ஒரு காரணம்.

அந்த இதழைச் செய்தவர்கள் விரும்பியதும் அதுவேதான் என்று இன்று அறிவேன். அறிந்ததால் அந்தச் சிவப்பு மங்கிவிடவில்லை. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அக்மதோவா நின்ற வரிசையையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே நாடு.

வேலூர்க் கோட்டையில் 1806-ல் நடந்தது கலகமா, புரட்சியா?

1806 ஜூலை 10 அதிகாலை சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகையும், சமயக் குறிகளை அழிக்கச் சொன்ன உத்தரவும் உடனடிக் காரணம். அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அடக்கியது. வென்றவர்கள் அதைக் ‘கலகம்’ என்று எழுதினார்கள், நம் பள்ளிப் புத்தகங்களும் நீண்டகாலம் அதையே சொல்லின. இப்போது ‘புரட்சி’ என்கிறோம். நான் புரட்சி என்றே சொல்வேன். வெள்ளையர் பக்கம் இறந்தவர்களுக்கு எழுதிவைத்த கல் உண்டு, சுட்டுக் கொல்லப்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலானவர்களின் பெயர் தெரியாது. கோட்டைக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள். செய்தித்தாளில் வந்தது போலவே பதில் வரும். பொருளைக் கேளுங்கள். அன்று என்ன சமைத்தீர்கள்? ரேடியோ எந்த மூலையில் இருந்தது? யார் வந்தால் அதன் சத்தத்தைக் குறைப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடப் பதில் சொல்லாமல் போனதில்லை.

அவசரப்படாதீர்கள். சமையல் நடக்கும்போது, காய் நறுக்கும்போது கேட்பது நல்லது. கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் தைரியம் வருகிறது. ஒலிப்பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். பயந்து வாழ்ந்தவரின் பயத்தை இன்னொரு முறை கிளறுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

பழைய படத்தில் வெட்டப்பட்ட முகத்தைக் கணினியில் நிரப்பித் தருகிறார்கள். நிரப்பலாமா?

செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சீன மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டதைக் காட்டும் தோங் ஷிவென்னின் புகழ்பெற்ற ஓவியம் 1953-ல் வரையப்பட்டது. பதவியிழந்த தலைவர்களை ஒவ்வொருவராக அதிலிருந்து அழித்து, அந்த இடத்தில் வேறு எதையாவது வரைந்தார்கள். மாவோ இறந்தபின் எல்லோரையும் மீண்டும் சேர்த்து வரைந்தார்கள். இப்போது பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும்.

சோவியத் ஒன்றியத்தில், ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா கொல்லப்பட்டபின், கலைக்களஞ்சியத்தை வாங்கியிருந்தவர்களுக்கு வீடு தேடித் தபால் வந்தது. பெரியா பற்றிய பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு, இத்துடன் அனுப்பும் பெரிங் கடல் பற்றிய பக்கங்களை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. ஒட்டியவர் வீட்டில் கடல் இருக்கும். வெட்டிவிட்டு ஒட்டாமல் விட்டவர் வீட்டில்தான் நடந்தது என்ன என்று தெரியும். ஓட்டை அப்படியே இருக்கட்டும்.

அந்தச் சித்தப்பா என்ன ஆனார்?

1977 ஏப்ரலில் திரும்பி வந்தார். தாடி வளர்த்திருந்தார். அம்மா காப்பி கொடுத்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, “இது என்ன அண்ணி?” என்று கேட்டார். “கரையான் அரித்துவிட்டது தம்பி” என்றார் அம்மா. அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப்பின் வீட்டில் எல்லோரும் கரையான் என்றே சொன்னோம். அப்பா சொன்னார். அத்தை சொன்னார். சித்தப்பா தம் பிள்ளைகளிடம், தம் முகத்தை மட்டும் கரையான் தேடி வந்து தின்ற கதையாகச் சொன்னார். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி, ஏறத்தாழ நம்பியும் இருந்தேன். அம்மா இறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒருநாள் மெல்லக் கேட்டேன். “கரையான்தான்” என்றார். மறைக்கும் குரலாகத் தெரியவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருந்தது. ஓட்டையின் நான்கு விளிம்பும் அடிகோல் வைத்தாற்போல் நேராக இருக்கின்றன.

அப்பா இறந்தபின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். அட்டையின் பின்பக்கம் அடியில், சுவரில் எழுதும் அதே வடிவான எழுத்தில், நிற்கும் வரிசைப்படி பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். எப்போது எழுதினார் என்று தெரியாது. எண்ணிப் பார்த்தேன். பதினைந்து பெயர்கள் இருந்தன.